புயலுக்கு மூணாம் நாள்

ஜூன் ஒண்ணாந் தேதி நான் பிறக்கவில்லை. ஆனால் என் பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. 1.6.1978. பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்டைப் பார்த்து ரேஷன் கார்டில் எழுதினார்கள். அதைப் பார்த்து ஓட்டு அட்டை. எல்லாத்தையும் பார்த்து பாஸ்போர்ட்டு. பாஸ்போர்ட்டைப் பார்த்து துபாயில் பத்தாக்கா. ஒரு வாத்தியார் ஒரு நிமிசத்தில் எழுதிப்போட்டது கடல் தாண்டி அரபியிலும் அச்சாகிவிட்டது.

1983 ஜூனில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிறுமலையில் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து அன்றைக்கு ஐந்து பிள்ளைகள் போனோம். வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டவனுக்கு வயசு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் தொட்டேன். "எப்பப் பொறந்தான்?" என்று கேட்டார். "பொயலடிச்ச வருசங்க சார். அந்த அணை ஒடஞ்சுச்சுல்ல, அதுக்கு மூணாம் நாளு" என்றாள் அம்மா. "தேதியக் கேட்டா கதை சொல்லுது பாரு" என்று பக்கத்து வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் குனிந்து எழுதினார். ஐந்து வயசு முடிந்திருந்தால்தான் சேர்க்க முடியும். அதனால் அன்றைக்கிலிருந்து கணக்குப் பார்த்து ஐந்து வருசம் பின்னால் போய் ஒரு தேதி. ஐந்து பேருக்கும் அதே தேதி. எங்க லைனில் ஐந்து தாய் ஒரே நாளில் பெற்றதாக ரிஜிஸ்தர் சொல்கிறது.

இது எங்க சனங்களுக்கு மட்டும் நடந்தது என்று சொல்ல வரவில்லை. படிக்காதவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் நடந்ததுதான். துபாயில் என் ரூமில் எட்டுப் பேர். அதில் தமிழ் ஆட்கள் நாலு பேர். மூணு பேருக்கு மே, ஜூன் மாசப் பிறப்பு. தமிழ்நாட்டுக் கூலிக்காரப் பொம்பளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பார்த்துத்தான் பிள்ளை பெறுவார்கள் போல என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மற்ற ஆட்கள், "இது சர்டிபிகேட் தேதி, ஜாதகத்துல வேற" என்பார்கள். அவர்களுக்கு நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் நோட்டில் எழுதி மஞ்சள் தடவிப் பெட்டியில் இருக்கும். திண்டுக்கல்லில் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போய் வேதத்தில் சேர்ந்த எங்க சொந்தக்காரர்களுக்கு ஞானஸ்நானப் புத்தகமாவது இருந்தது. கல்லறையில் எங்க சனத்துக்குத் தனி மூலை ஒதுக்குகிற கோயில்கள் இருந்தாலும், பிறந்த தேதியை ஒழுங்காகத்தான் எழுதிவைத்தார்கள். மேலே மலையில் எங்களுக்கு ரெண்டும் கிடையாது. இருந்தது ஒரே தேதி. அதுவும் பொய்.

பிறந்தநாள் என்று ஒன்று உண்டு என்பதே தோட்டத்து முதலாளி வீட்டுப் பையனைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். கீழே திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டு வளைவும் ஏறி ஜீப்பில் கேக்கு வரும். அதைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் வருவார். லைன் பிள்ளைகள் நாங்கள் எல்லாம் பங்களாவுக்குப் பின்பக்கம் காப்பிக் களத்தில் உட்கார்ந்திருப்போம். உள்ளே பாட்டுப் பாடி முடிந்து, வந்த விருந்தாளி சாப்பிட்டு, அதற்கப்புறம் எங்களுக்கு வரும். வாழை இலையைக் கிழித்து, அதில் கேக்கின் ஓரத்தையும் ரெண்டு ஆரஞ்சு மிட்டாயையும் வைத்து, இலையைத் தரையில் வைத்துவிட்டு அந்த ஆள் ஒரு அடி பின்னால் போவார். நாங்கள் எடுத்துக்கொள்வோம். கையில் கொடுத்ததே இல்லை. அப்போது அது ஒன்றும் உறைக்கவில்லை. கேக்கு இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். மனசில் நின்றது வேறு ஒன்று. அந்தப் பையன் பிறந்த நேரத்துக்கு மலையே ஒரு நாள் வேலையை நிறுத்துகிறதே என்பதுதான்.

2012 ஜூன் 1 வெள்ளிக்கிழமை. அப்போது அங்கே வெள்ளிதான் வார லீவு. முஹைஸ்னா பக்கம், நாங்கள் சோனாப்பூர் என்று சொல்கிற இடத்தில் கேம்ப்பு. பேருக்குத் தங்க ஊர்தான். கட்டிலுக்கு மேல் கட்டில், ஷூவுக்கு மேல் ஷூ, கயிற்றில் எட்டுப் பேரின் சட்டை. ஜூன் 15க்குப் பிறகுதான் மத்தியானம் வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று சட்டம். அதற்கு முந்தின ரெண்டு வாரம்தான் ஆளைக் கொல்லும். அப்படி ஒரு வாரம் முடிந்து வெள்ளிக்கிழமை செத்த பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். சாயந்தரம் எழுப்பிப் பார்த்தால் ரூம்காரர்கள் கேக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். என் பத்தாக்காவை எடுத்து யாரோ தேதி பார்த்திருக்கிறான். முப்பத்திநாலு வயசில் என் பேர் எழுதின முதல் கேக்கு.

வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. வெட்டினேன். எங்க ஜில்லாக்காரர் ஒருத்தர் பக்கத்து ரூமில் இருந்தார். ஊரை விட்டு அவ்வளவு தூரம் போய் "திண்டுக்கல்லா?" என்று ஒருத்தன் கேட்டால் அவன் அண்ணன் தம்பி மாதிரிதானே. ஏழெட்டு மாசமாக என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். மெஸ் சாப்பாடு சரியில்லாத நாளில் ரெண்டு பேரும் சேர்ந்து ரசம் வைப்போம். அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கேக்குத் துண்டை அவர் கையில் கொடுத்தேன். "ஜூன் ஒண்ணா? என்ன நட்சத்திரம் மாப்ள?" என்றார். "தெரியாதுண்ணே" என்றேன். "தெரியாதா? ஜாதகம் எழுதலையா?" இல்லை என்றேன். "சிறுமலைல எந்தப் பக்கம்? சொந்தத் தோட்டமா?" லைன் வீடு என்றேன். "யாரு தோட்டம்?" சொன்னேன். "ஒங்கய்யா பேரு என்ன?" சொன்னேன். எங்க அய்யா பேரைச் சொன்னால் போதும். எங்க பக்கத்தில் பேர் அதுவாகவே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எனக்கு சுகரு இருக்குப்பா" என்று டிஷ்யூவில் கேக்கைச் சுற்றிக் கட்டில் கம்பி மேலே வைத்துவிட்டு எழுந்து போனார். தினமும் டீக்கு மூணு கரண்டி சீனி போடுகிற ஆள். அது ராத்திரி வரைக்கும் அங்கேயே இருந்தது. மறுநாளிலிருந்து நான் "மாப்ள" இல்லை, "தம்பி". எங்க ஊர்ப்பக்கம் வெளியாட்களுக்கு இந்த ரெண்டு வார்த்தைக்கும் இருக்கிற தூரம் புரியாது. மாப்ள என்றால் பொண்ணு கொடுக்கிற முறை. தம்பி என்பதும் நல்ல வார்த்தைதான். யாரும் குறை சொல்ல முடியாது. அவர் என்னை வையவில்லை, ஒதுங்கி நட என்று சொல்லவில்லை. ஒரு சொந்தத்தை எடுத்துக்கொண்டு வேறொரு சொந்தத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ரசம் வைப்பது மட்டும் நின்றுபோனது.

அன்றைக்கு ராத்திரி போன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். எதற்குக் கூப்பிட்டேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கேக்கு வெட்டின கதையைச் சொன்னேன். "எதுக்குடா?" என்றாள். "இன்னைக்கி எம் பொறந்த நாளும்மா." அம்மா சிரித்தாள். "ஜூன்லயா? நீ பொறந்தது அடை மழையிலடா. பொயலுக்கு மூணாம் நாளு. ஊரே மூழ்கிக் கெடந்துச்சு." முப்பது வருசமாக எனக்குத் தெரிந்த வார்த்தைதான். அன்றைக்குத்தான், "சரி, மொதல்லருந்து சொல்லு" என்றேன்.

"மொதல்லருந்துன்னா, சனிக்கெழம. சம்பள நாளு. தீவாளி முடிஞ்சு கையில ஒரு காசு இல்ல, அன்னைக்கிச் சம்பளத்தத்தான் நம்பியிருக்கோம். பகல்லயே காத்து ஆரம்பிச்சிருச்சு. பொழுதடைய பேய்க்காத்து. மேஸ்திரி வரல, சம்பளம் போடல. அதான் எனக்குக் கெழமை மறக்காது. ராத்திரி லைன்ல தகரம் ரெண்டு பறந்துபோச்சு. ஒங்கய்யாவும் நானும் அப்பத்தாளும் அடுப்படியில ஒடுங்கிக் கெடந்தோம். விடிஞ்சு பாத்தா தோட்டம் பூராம் வாழை படுத்துக் கெடக்கு, தாரும் தலையுமா. பாதையும் அங்கங்க அறுத்துக்கிட்டுப் போச்சு. ஞாயித்துக்கெழம லீவுதான். ஆனா மேஸ்திரி வந்துட்டாரு. சாஞ்ச தாரப் பூராம் வெட்டி அடுக்கணும், எல்லாரும் வாங்கன்னு. சனிக்கெழம சம்பளம் கேட்டதுக்கு, இத முடிச்சாத்தான் அதுன்னாரு. நா நெறமாசம்."

"நீ போனியா?"

"போகாம? அப்பத்தா ஒருத்தியக் காட்டி நாலு வயிறு இருக்குல்ல. ஞாயித்துக்கெழம பொழுதன்னைக்கும் தாரு தூக்குனேன். திங்கக்கெழமையும் போனேன். கஞ்சி நேரத்துக்கு இடுப்பு பிடிச்சிருச்சு. லைனுக்குத் திரும்பி வரணும்னா ரெண்டு ஓடை தாண்டணும். ஓடையில தண்ணி எகிறிப் போகுது. அங்க நாலு குதிரை நின்னுச்சு, தாரு ஏத்திக்கிட்டிருந்தாக. ஒங்கய்யா ஓடிப்போயி கேட்டாரு, பொம்பளைய ஓடை தாண்டி மட்டும் ஏத்திவிடுங்கன்னு. குதிரைக்காரரு நல்ல மனுசன். அவரு என்ன செய்வாரு, மேஸ்திரி மொகத்தப் பாத்தாரு. மேஸ்திரி, 'ஜீப்பு வராது, நாளைக்கி முதலாளி இதுல ஏறித்தான் தோட்டம் பாக்க வருவாரு, தீட்டுப் பண்ணிவிட்டுறாதீக'ன்னுட்டாரு. குதிரை வாழத்தாரோட போயிருச்சு."

கார்டில் நிமிசம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதுவும் பேசவில்லை.

"அப்பறம் என்ன, காவக்குடிசையிலதான் பெத்தேன். சருக விரிச்சு. அப்பத்தாதான் பாத்தா. தாரு வெட்டுற அருவாளத் தீயில காட்டிக் கொடிய அறுத்தா. தொடைக்கத் துணி இல்ல, எல்லாம் நனஞ்சு கெடக்கு. வாழ எலைய அனல்ல வாட்டி அதுலதான் ஒன்னய வாங்குனா. நல்ல வெளிச்சம், பொழுது இன்னும் சாயல. மறுநா நடந்தே லைனுக்கு வந்தோம். அன்னைக்கித்தான் சொன்னாக, கீழ வேடசந்தூர்ப் பக்கம் அணை ஒடஞ்சு சனம் அடிச்சிக்கிட்டுப் போயிருச்சுன்னு."

"அந்தத் திங்கக்கெழமைக் கூலி?"

"புள்ள பெத்தவளுக்கு அரை நாளுன்னு பிடிச்சிக்கிட்டாக."

"ஏம்மா இத இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கலையே. ஒருத்தரும் கேக்கலையே. அந்த வாத்தியாரு ஒருத்தருதான் கேட்டாரு. சொன்னேன். அவரு எழுதல."

அதோடு கார்டு முடிந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப்புக்கு வெளியே நெட் கடைக்குப் போனேன். என்ன தேடுவது என்றே தெரியவில்லை. குடகனாறு அணை, புயல் என்று தமிழிலும் இங்கிலீசிலும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். இருந்தது. 1977 நவம்பர் 12. நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறின புயல் உள்நாட்டுக்குள் நுழைந்து மேற்கே வந்திருக்கிறது. அன்றைக்கே குடகனாறு அணை வெள்ளம் கரைக்கு மேலே ஏறி உடைந்திருக்கிறது. அதே மாதம் 19ஆம் தேதி ஆந்திராவில் திவிசீமையை அழித்த புயலைப் பற்றித்தான் நிறைய எழுதியிருந்தார்கள். அதில் ஆயிரக்கணக்கில் சனம் செத்தது. எங்க புயல் அதற்கு அடியில் ஒரு வரியாக மறைந்துகிடந்தது. கம்ப்யூட்டரிலேயே காலண்டரைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். நவம்பர் 12 சனிக்கிழமை. அம்மா சொன்ன சம்பளம் போடாத சனி. சனி ஒண்ணு, ஞாயிறு ரெண்டு, திங்கள் மூணு. 1977 நவம்பர் 14.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கூலி வராத கிழமையை வைத்து முப்பத்தஞ்சு வருசம் பிசகாமல் ஒரு தேதியைக் காத்து வைத்திருக்கிறாள். ரிஜிஸ்தரும் பேனாவும் வைத்திருந்த மனிதர் அதைக் கதை என்றார்.

நவம்பர் 14 நேரு பிறந்தநாள். குழந்தைகள் தினம். வருசா வருசம் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையில் நிறுத்தி மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருசம் ரோஜாப்பூ வைத்த நேரு படத்தை என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். என் பிறந்தநாளில் இன்னொருத்தர் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன். நேருவிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஊருக்குத் திரும்பின பிறகு ஒரு வக்கீல் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 1969ஆம் வருசத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அதில் 9ஆவது பிரிவே தோட்டங்களுக்காகத் தனியாக எழுதினது. நாலு ஹெக்டேருக்குக் குறையாத காப்பி, தேயிலை, மிளகு, ஏலக்காய்த் தோட்டங்களில் ஒரு பிள்ளை பிறந்தால் பதிவாளரிடம் சொல்லவேண்டியது தோட்டத்து மேற்பார்வை அதிகாரியின் கடமை. பெற்றவள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. எங்க தோட்டத்தில் வாழைக்கு ஊடே காப்பியும் மிளகும்தான். ஏக்கர் கணக்கு முதலாளிக்கு அத்துபடி. நான் பிறக்கும்போது அந்தச் சட்டத்துக்கு எட்டு வயசு. மலைக்குக் கீழே கிராமங்களிலும் பெரிசாக வாழவில்லை. அப்போது பிறப்பு எழுதுகிற நோட்டு பரம்பரை கிராம முன்சீப்பு கையில் இருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழிக்கிற வரைக்கும் அப்படித்தான். தலையாரி போய்ச் சொல்வார், முன்சீப்பு எழுதுவார். சேரியில் பிறந்ததை எழுதினால் ஒரு ஆள், எழுதாவிட்டால் ஆள் இல்லை. எங்க தோட்டத்தில் எத்தனை தார் வெட்டினோம், எத்தனை குதிரைப் பாரம் கீழே போச்சு என்பதற்கு நோட்டு இருந்தது. அந்த வாரம் சாய்ந்த தார்களின் எண்ணிக்கையும் எங்காவது எழுதித்தான் இருக்கும்.

2012 நவம்பர் 14 புதன்கிழமை. முந்தின நாள்தான் தீபாவளி. டூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினபோது ராத்திரி எட்டு மணி. கேக்கு வாங்க மனசு வரவில்லை. கேம்ப்பு வாசலில் மலையாளத்தார் பக்காலாவில் வாழைப்பழம் தொங்கியது. பிலிப்பைன்ஸ் பழம். ஒவ்வொரு சீப்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரே அளவில், ஒரே வளைவில், மெழுகுப் பழம் மாதிரி. எங்க மலைப்பழத்தைத் தெரிந்தவன் வாயில் அது சவசவ என்றுதான் இருக்கும். சிறுமலைப் பழம் தோல் கருத்துச் சுருங்கினாலும் உள்ளே கெடாது. தண்ணிச் சத்து குறைச்சல், வாசனை தூக்கலாக இருக்கும். இப்போது புவிசார் குறியீடு எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சுமந்த முதுகுகளுக்கு ஒரு குறியீடும் இல்லை. சரி, அது வேற கதை. ரெண்டு சீப்பு வாங்கினேன்.

ரூமில் எல்லாருக்கும் கொடுத்தேன். "என்ன விசேசம்?" என்றார்கள். "இன்னைக்கித்தான் பொறந்தேன்" என்றேன். "அப்ப ஜூன்ல வெட்டுனது?" "அது வாத்தியாரு பொறந்த நாளு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து ரூம் ஜில்லாக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவரிடமும் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பழம் தோலோடு இருந்ததில்லையா. அவரே உரித்து அங்கேயே நின்று சாப்பிட்டார். "நல்லாருக்கு தம்பி, சந்தோசமா இருங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோலுரித்த பழமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒரு எண்ணம் வந்தது பாருங்கள், அந்த எண்ணத்தைத்தான் என்னால் இன்று வரைக்கும் மன்னிக்க முடியவில்லை. பிறந்தநாள் அன்றைக்கு ஒரு வாழைப்பழத்தை இப்படி ஆராய்ச்சி பண்ண வேண்டிய வாழ்க்கை யாருக்கு வாய்க்கும்?

அம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னைக்கித்தாம்மா தேதி. பதினாலு." "அப்பிடியா?" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தச் சனிக்கெழமைச் சம்பளத்த பின்னாடி குடுத்துட்டாகடா. நா சொல்லாம விட்டுட்டேன். நீ குடுக்கவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருக்கப் போற." அவ்வளவு தூரத்திலிருந்தும் கணக்கை நேர் பண்ணினாள். அரை நாள் கூலியை மட்டும் அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அடுத்த வருசம் ஏப்ரலில் எதிர் பிளாக்கில் இருந்த மராட்டிக்காரத் தோழர் ஒருத்தர், வெல்டர், ராத்திரி ரூமுக்கு வரச் சொன்னார். நாக்பூர்ப் பக்கத்து ஆள். போனால், கட்டில்களைச் சுவரோடு தள்ளிவிட்டு நடுவில் ஒரு ஸ்டூல். அதன்மேல் அம்பேத்கர் படம், நீலத்துணி, ரெண்டு மெழுகுவர்த்தி. பத்துப் பதினஞ்சு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்டில் கூட்டம் கூடினால் கேள்வி வரும் என்பதால் சத்தம் இல்லாமல் கைதட்டினார்கள். பாயசத்தைப் பெரிய சட்டியில் வைத்து ஒரே கரண்டியால் எல்லாருக்கும் ஊற்றினார்கள். யாரும் யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அந்த ரூமில் அதற்கு அவசியம் இல்லை.

எங்க ஊரில் ஏப்ரல் 14 என்றால் மாலை போட்டுவிட்டு வருவோம். அவர்களுக்கு அது வீட்டுப் பண்டிகை. 1928இலேயே புனேயில் ஜனார்தன் ராணபிசே என்பவர் அதைப் பொது விழாவாக எடுத்துத் தொடங்கிவைத்தார் என்று அந்தத் தோழர்தான் சொன்னார். தமிழ்நாட்டில் அரசே அதைச் சமத்துவ நாள் என்று அறிவித்தது 2022இல்தான். அன்றைக்கு ராத்திரி என் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அந்தப் பெரிய அம்பேத்கரை நினைக்கவில்லை, இருபத்திரெண்டு வயசுப் பையனை நினைத்தேன். 1913 பிப்ரவரியில் அப்பா செத்துப்போகிறார். அந்த ஜூலையில் நியூயார்க்கில் போய் இறங்குகிறார். பம்பாயில் ரமாபாய், கையில் ஏழு மாசப் பிள்ளை. பரோடா மகாராஜா கொடுத்த உதவி மாசம் பதினொன்றரைப் பவுன், மூணு வருசத்துக்கு. அதில் வீட்டுக்கும் அனுப்பவேண்டும். 1914, 1915, 1916 என்று மூணு ஏப்ரல் 14 அவருக்கு அமெரிக்காவில் போனது. மூணாவது பிறந்தநாளுக்கு நாலு வாரத்துக்குள், மே 9ஆம் தேதி, கொலம்பியாவில் சாதி எப்படி உண்டாகிறது என்று ஒரு கட்டுரை படிக்கிறார். சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் என்கிற பூட்டைப் பற்றி. வயசு இருபத்தஞ்சு.

வெளிநாட்டில் இருந்த காலத்தில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனசை விட்டுப் போயிருந்தது என்று பின்னால் எழுதியிருக்கிறார். பரோடாவுக்குத் திரும்பி, தங்க ஒரு இடம் கிடைக்காமல் நின்றபோதுதான் அது திரும்பி வந்தது. நான் அதைப் படித்தபோது பொறாமைப்பட்டேன். உண்மையாகவே பொறாமைதான். அவர் போன இடத்தில் அவருடைய அய்யா பேரைக் கேட்டு ஆளை எடைபோட யாரும் இல்லை. நாங்கள் போகிற விமானத்தில் ஊரே ஏறிக்கொள்கிறது. மெஸ், மாப்ள, நட்சத்திரம், தெரு எல்லாம் லக்கேஜில் வந்துவிடுகிறது. எனக்கு மறப்பதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு தேதி மட்டும்தான். அதுவும் அந்தக் கேக்கு அப்படிக் கம்பிமேல் இருந்ததனால் கிடைத்தது.

2014இல் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். பாஸ்போர்ட்டிலும் சர்டிபிகேட்டிலும் தேதியை மாற்ற முடியுமா என்று விசாரித்தேன். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அது இருந்தால் நான் ஏன் வருகிறேன்? தாசில்தார் ஆபீஸ், கோர்ட்டு என்று ரெண்டு தடவை கீழே போய்வந்தேன். சாட்சி யார் என்று கேட்டார்கள். "எங்கம்மா" என்றேன். எழுத்து மூலமாக ஏதாவது இருக்கா என்றார்கள். விட்டுவிட்டேன். வருசா வருசம் ஜூன் 1ஆம் தேதி பேங்கிலிருந்து வாழ்த்து வந்துகொண்டிருக்கிறது.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட்டு எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். எங்க லைனில் இப்போது எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன, மணி நிமிசத்தோடு. என் மகளுக்கு எழுதின தேதியும் பிறந்த தேதியும் ஒன்றுதான். அவளுக்கு அது ஒரு விசயமே இல்லை. இருக்கவும் வேண்டாம்.

அம்மாவுக்கு ஆதார் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பையன், "பாட்டி, பொறந்த தேதி?" என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். "தெரியாதுன்னா ஜனவரி 1 போட்டுரும்" என்று அவனே சொல்லிவிட்டு வருசத்தை மட்டும் குத்துமதிப்பாகக் கேட்டான். அட்டை வந்தது. ஜனவரி 1, 1950. திரும்பி வரும்போது பஸ்ஸில், பன்னிரண்டாவது வளைவோ பதிமூணாவது வளைவோ, "ஒங்கம்மா ஒண்ணும் சொல்லலையா, நீ எப்பப் பொறந்தன்னு?" என்று கேட்டேன்.

"எங்காத்தா எங்க சொல்லுச்சு. அது சாகையில எனக்கு ஆறு வயசு. எங்க சின்னாத்தாதான் ஒரு தடவ சொல்லுச்சு, எலந்தப்பழம் பொறக்கப் போன எடத்துல வலி வந்துச்சாம்."

எலந்தை பழுக்கிறது மார்கழி, தையில். நான் அட்டையை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "எங்கிட்டு எலந்த?" என்று கேட்டேன். "கீழதான். எந்தக் காடுன்னு கேக்க விட்டுப்போச்சு" என்றாள்.